ஒரே தட்டு, வேறு வேறு சத்தம்

கேள்வி சுருக்கமாக இது: “பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வீடு கொடுங்கையூர். உளவியல் தாளில் தூண்டல்–துலங்கல் (ஏதோ ஒன்று தூண்டுவது, அதற்கு வரும் பதில்) வருகிறது. பயிற்சிக்குப் போகும் பள்ளியில் அறிவியல் பாடத்தில் செடிகளுக்கும் அதே பெயரில் நடத்துகிறோம். எலக்ட்ரானிக்ஸ் முடித்த என் அண்ணன் ‘எங்களுக்கும் அதே கதைதான்’ என்கிறான். எல்லாம் ஒரே விஷயமா, இல்லை பெயர் மட்டும்தான் ஒன்றா?”

பெயர் மட்டும் ஒன்று இல்லை. முழுக்க ஒரே விஷயமும் இல்லை. நான் மணலியில் ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் 28 வருஷம் வேலை பார்த்தவன். அளவெடுக்கும் கருவி, அலாரம், கன்ட்ரோல் வால்வு, இவைதான் என் உலகம். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் பேராசிரியர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தேர்வில் அவர் சொன்னதையே எழுதுங்கள்.

‘தூண்டல் வந்தால் துலங்கல் வரும்’ என்ற பாடநூல் வரி பாதிதான் சரி. துலங்கல் எவ்வளவு வரும், எப்போது வரும், வருமா வராதா என்பதைத் தூண்டலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதை வாங்கிக்கொள்வது அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். எந்தத் துறைக்குப் போனாலும் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பானை வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பானைக்கடைக்குப் போகும் எந்த அம்மாவும் முதலில் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால் பானை நல்லது. ‘டொப்’ என்றால் எங்கோ கீறல். இரண்டு பானைக்கும் தட்டு ஒன்றுதான், விரல் ஒன்றுதான். சத்தத்தில் வித்தியாசம் பானையிலிருந்து வருகிறது. லியோபோல்ட் ஆவன்ப்ருக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1761-இல் நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர், பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு மது இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்திலிருந்து மகனுக்கு யோசனை வந்தது என்பார்கள். ரயில்வேயில் நீளமான சுத்தியலை வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போகும் ஆளைச் சின்ன வயதில் பேசின் பிரிட்ஜ் பக்கம் பார்த்திருக்கிறேன். வெடிப்பு விட்ட சக்கரம் கணீரென்று ஒலிக்காது. இன்று அதே வேலையை மீயொலிக் கருவி செய்கிறது. ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. உங்கள் அண்ணன் ஒரு சர்க்யூட்டுக்குத் திடீரென்று 5 வோல்ட் கொடுத்து, வெளியே வரும் அலை எப்படி ஏறுகிறது என்று ஆசிலாஸ்கோப்பில் பார்ப்பாரே, அதுவும் பானையைத் தட்டுவதுதான். அந்த அளவில் அவர் சொன்னது சரி.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவர் முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டுவதும் இந்த வகை. தட்டியதும் தொடையின் முன்தசை ஒரு கணம் இழுபடுகிறது. அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போய், அங்கேயே ஒரே ஒரு நரம்புச் சந்திப்பைக் கடந்து, ‘சுருங்கு’ என்று திரும்பி வருகிறது. கால் உதறுகிறது. மூளையைக் கேட்கவே இல்லை. இதைத்தான் அனிச்சைச் செயல் என்கிறோம். (அனிச்சம் பூவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இச்சை இல்லாமல் நடப்பது அனிச்சை. எனக்கே ரொம்ப நாள் அந்தக் குழப்பம் இருந்தது.)

மூளையைக் கேட்கவில்லை என்பதை வைத்து மூளைக்கு இதில் பங்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கால் சரியாக உதறாவிட்டால் மருத்துவர் ஒரு தந்திரம் செய்வார். இரண்டு கை விரல்களையும் கொக்கி மாதிரி கோத்து, பலமாக வெளிப்பக்கம் இழுக்கச் சொல்வார். நீங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது தட்டினால் அதே கால், அதே சுத்தியல், உதறல் மட்டும் பெரிதாகிவிடும். பக்கவாதம் வந்து சில வாரங்கள் ஆனவருக்கு அந்தப் பக்கத்துக் கால் இன்னும் வேகமாக உதறும். மேலிருந்து மூளை எப்போதும் ஒரு பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது, அது விட்டுப்போனதற்கு அடையாளம் அது. ஆகவே பெரிய துலங்கல் என்றால் நல்ல ஆரோக்கியம் என்று பொருள் இல்லை. மருத்துவர் காலைப் பார்த்துக்கொண்டே மூளையைப் படிக்கிறார்.

இது வரை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பிரியும் இடம் இனிமேல்தான்.

எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் கேரம் போர்டு இறங்கிவிடும். ஸ்ட்ரைக்கர் காயை அடிக்கிறது, காய் ஓடுகிறது. காய் ஓடும் சக்தி முழுக்க ஸ்ட்ரைக்கர் கொடுத்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் “டேய், கை கோட்டத் தாண்டிடுச்சு” என்று எழுந்து நின்று கத்துகிறாரே, அந்தச் சக்தி யார் கொடுத்தது? அவர் சாப்பிட்ட சோறு. ஸ்ட்ரைக்கர் அவரைத் தொடவே இல்லை. முதலாவது தள்ளுதல். இரண்டாவதுதான் உண்மையான தூண்டல், அதாவது ஏற்கெனவே சேமித்து வைத்த சக்தியைத் திறந்துவிடும் சாவி. உயிரியலிலும் உளவியலிலும் தூண்டல் என்றால் பெரும்பாலும் இந்தச் சாவி. இயற்பியலிலும் உங்கள் அண்ணனுடைய துறையிலும் அது தள்ளுதலாகவும் இருக்கலாம், சாவியாகவும் இருக்கலாம், அவர்கள் கவலைப்படுவதில்லை. பெயர் ஒன்றாக இருந்து பொருள் மாறுவது இங்கேதான். வகுப்பில் இந்த ஒன்றைச் சொன்னால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

தொட்டாற்சிணுங்கி நல்ல உதாரணம். உங்கள் விரலின் பலம் அந்த இலையை மடக்கவில்லை. இலைக்காம்பின் அடியில் சின்னதாக வீங்கினாற்போல ஒரு பகுதி இருக்கும். தொட்டதும் மின் செய்தி ஒன்று ஓடி, அந்தப் பகுதியில் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறி, விறைப்பு போய் இலை தொங்குகிறது. தண்ணீரை முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தது செடி. செடிக்குள் இப்படி மின் செய்தி ஓடுகிறது என்று ஜகதீஷ் சந்திர போஸ் சொன்னபோது லண்டனில் உடலியல் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த விஷயத்தில் அவர் ஜெயித்தார். உலோகமும் தூண்டலுக்குத் துலங்குகிறது, களைத்துப்போகிறது என்று 1902-இல் ஒரு நூலே எழுதினார். அங்கே நான் அவரோடு போக மாட்டேன். உலோகம் சோர்வடைவது உண்மை. ரயில் அச்சுகள் திரும்பத் திரும்பச் சுமை ஏறி உடைவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அச்சுக்குள் திறந்துவிட எதுவும் சேமித்து வைத்திருக்கவில்லை. வாங்கியதைத்தான் அது தாங்குகிறது.

நரம்பு இன்னும் கண்டிப்பானது. ஒரு எல்லைக்குக் கீழே தூண்டினால் ஒன்றுமே அனுப்பாது. எல்லையைத் தாண்டினால் முழுத் துடிப்பு. கொஞ்சம் துடிப்பு, நிறையத் துடிப்பு என்ற பேச்சே இல்லை. அப்படியானால் மெதுவாகத் தொட்டதும் அறைந்ததும் எப்படி வேறு வேறாகத் தெரிகிறது? எட்கர் ஏட்ரியன் என்ற ஆங்கில உடலியலாளர் 1920-களில் இதைப் பிரித்துக் காட்டினார். துடிப்பின் உயரம் மாறுவதில்லை, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மாறுகிறது. 1932-இல் நோபல் பரிசு, ஷெரிங்டனோடு சேர்த்து. எங்கள் ஆலையில் ஓட்டத்தை அளக்கும் சில மீட்டர்களும் இப்படித்தான், அளவு கூடினால் துடிப்பு நெருக்கமாகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று யோசிப்பேன்.

எவ்வளவு மாறினால் தெரியும் என்ற கேள்விக்குக் காசிமேடு போக வேண்டும். மீன் விற்கும் அக்காக்கள் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார்கள். ஒரு கிலோ மீனோடு நூறு கிராம் சேர்த்தால் கை கண்டுபிடித்துவிடும். இருபது கிலோ கூடையில் நூறு கிராம் சேர்த்தால் யாருக்கும் தெரியாது. ஏர்ன்ஸ்ட் வேபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1830-களில் அளந்து சொன்னது இதைத்தான். நமக்குத் தெரிவது கூடிய அளவு இல்லை, இருந்ததோடு ஒப்பிட்ட விகிதம். சோதனைக்கூடத்தில் எடைக்கு அந்த விகிதம் சுமார் 2 சதவீதம். ஃபெக்னர் 1860-இல் இதைக் கணக்காக்கினார். தூண்டல் மடங்கு மடங்காகப் பெருகினால் உணர்வு படிப்படியாகத்தான் ஏறும். ஒலியை டெசிபலில் அளக்கும் முறைக்கும் இந்தப் புத்திதான் பொருந்துகிறது. பின்னால் ஸ்டீவன்ஸ் வந்து, எல்லாப் புலனும் அப்படி இல்லை, மின் அதிர்ச்சியில் தலைகீழ், தூண்டல் கொஞ்சம் ஏறினாலே உணர்வு எகிறுகிறது என்று காட்டினார். விலை ஏற்றமும் இதே கதை. பத்து ரூபாய் டீ பன்னிரண்டு ஆனால் தெருவே பேசும். ஐம்பதாயிரம் ரூபாய் பைக் ஐநூறு கூடினால் கேட்க ஆள் இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி: துலங்கல் காணாமல் போவது.

மணலிக்குப் புதிதாக வரும் உறவுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்துவார்கள். “என்ன வாசனை?” என்று நாம் கேட்போம், நிஜமாகவே கேட்போம். மூக்கிலுள்ள வாசனை ஏற்பிகள் ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிஷத்தில் பதில் சொல்வதைக் குறைத்துவிடும். ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினால் முதல் நாள் நமக்கும் தெரியும். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். கொஞ்சமே கலந்தாலும் மூக்கைத் துளைக்கும். ஆனால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பெரிய ஏமாற்றுக்காரன். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே அழுகின முட்டை நாற்றம் வரும். நூறு பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் எங்களுக்கு மண்டையில் ஏற்றியது இதுதான்: நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதே, ஓடு.

அமோனியா அப்படி ஏமாற்றாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயில் கசிவு ஏற்பட்டபோது தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெறும் வாசனை தூங்குகிறவரை எழுப்புவது அபூர்வம். அமோனியா வாசனை நரம்போடு நிற்பதில்லை. முகத்தில் எரிச்சலையும் வலியையும் உணரும் நரம்பையும் தொடுகிறது. அந்த நரம்பு தூக்கத்திலும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒரே மூக்கு, இரண்டு வாசல்.

துலங்கல் குறைவதில் மூன்று வகை உண்டு, தேர்விலும் கேட்பார்கள். ஏற்பி பதிலைக் குறைத்துக்கொள்வது ஒன்று. ‘இது ஒன்றும் இல்லை’ என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டு கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொன்று, அது பழக்கமாதல். மணி அடித்ததும் சாப்பாடு கொடுத்துப் பழக்கிய நாய்க்கு, பிறகு மணி அடித்தும் சாப்பாடு வராததால் எச்சில் நின்றுபோவது மூன்றாவது, ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் சொன்ன அணைதல். முதல் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? சம்பந்தமில்லாத ஒரு புதுத் தூண்டலைக் கொடுத்துப் பாருங்கள். தினமும் ரயில் சத்தத்தில் தூங்குகிறவர் வீட்டில் ஒரு நாள் பாத்திரம் விழுந்து திடுக்கிட்டு எழுந்தால், அதன் பிறகு வரும் ரயில் சத்தமும் அன்றைக்குக் காதில் விழும். ஏற்பியே நிஜமாகக் களைத்திருந்தால் அப்படித் திரும்பி வராது. எரிக் கேண்டல் இதைக் கடல் நத்தை ஒன்றில் நரம்பு நரம்பாகப் பிரித்துப் பார்த்து 2000-இல் நோபல் வாங்கினார். தொட்டாற்சிணுங்கியைக்கூடத் திரும்பத் திரும்பச் சின்ன உயரத்திலிருந்து விழவிட்டால் ஒரு கட்டத்தில் இலை மூடுவதை நிறுத்திவிடுகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது.

துலங்கல் இப்படிக் குறைவது ஆட்களைக் கொல்லவும் செய்யும். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம் என்பதுதான் தாங்கக்கூடிய சராசரி என்று எங்கள் துறையில் ஒரு வழிகாட்டு அளவு உண்டு. 1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிஷத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல அலாரம்தான், பயந்து யாரோ வைத்ததுதான். எங்கள் ஆலையிலும் இரவு ஷிஃப்டில் சத்தம் தாங்காமல் ஹூட்டரில் துணியைச் சுற்றிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அந்த அலாரத்தின் எல்லையைத் தப்பாக வைத்தது எங்கள் பிரிவு.

என் நைனா ஹார்பரில் வேலை பார்த்தவர். மழைக்காலம் வந்தால் வீட்டில் முதல் கேள்வி, “கூண்டு ஏத்திட்டாங்களா, எத்தனாம் நம்பர்?” புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. ஒன்று, இரண்டு என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிறது. 10 என்றால் பெரிய ஆபத்து. 11 என்ன தெரியுமா? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று இங்கேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று பொருள். செய்தி வராததையே செய்தியாக்கிய அந்த ஆளுக்கு எந்தப் பரிசும் கொடுக்கலாம். மூன்றாம் நம்பருக்கு நைனா அசையவே மாட்டார். அவர் அலட்சியக்காரர் இல்லை, நிறைய மூன்றாம் நம்பரைப் பார்த்தவர். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து இங்கே சுனாமி எச்சரிக்கை கொடுத்தபோது காசிமேடு, திருவொற்றியூர் கரையோரம் எல்லோரும் ஓடினோம். பெரிய அலை வரவில்லை. ஆனால் அன்று ஓட வைத்தது அந்த எச்சரிக்கை மட்டும் இல்லை, 2004 டிசம்பர் 26. அதே எச்சரிக்கை 2003-இல் வந்திருந்தால் பாதிப் பேர் கடலைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

வாங்குகிறவருடைய பழைய கதை துலங்கலில் தெரியும் என்பதற்கு மருத்துவத்தில் நேரான சோதனையே இருக்கிறது. காசநோய்க்கு மேன்டூ டெஸ்ட். முன்கையில் தோலுக்குள் ஒரு துளி மருந்து. 48 முதல் 72 மணி நேரம் கழித்து அந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து. தடிப்பு, அந்த உடம்பு இதற்கு முன் அந்தக் கிருமியையோ பி.சி.ஜி. ஊசியையோ சந்தித்திருக்கிறதா என்பதைச் சொல்கிறது. மறுபடியும் பானையைத் தட்டுவதுதான், சத்தம் வர இரண்டு நாள் ஆகிறது, அவ்வளவே.

தாமதம் என்று வந்ததும் என் பழைய அவமானம் ஞாபகம் வருகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஒரு வெப்பநிலை லூப் (அளக்கும் கருவியும், அதைப் பார்த்துத் திறந்து மூடும் வால்வும் சேர்ந்த சுற்று) சோம்பலாக இருக்கிறது, செட் பண்ணிய அளவுக்கு வர நேரம் எடுக்கிறது என்று கெயினை ஏற்றினேன். அதாவது வித்தியாசம் கொஞ்சம் தெரிந்தாலே வால்வு நிறையத் திறக்கட்டும் என்று. வால்வு திறந்த சூடு கருவிக்கு வந்து சேர ஒன்றரை நிமிஷம் ஆகும். அதற்குள் ‘இன்னும் சூடு போதவில்லை’ என்று வால்வு மேலும் திறந்தது. சூடு வந்தபோது மொத்தமாக வந்தது. உடனே மூடியது, அதுவும் அதிகமாக. சார்ட் பேப்பரில் பேனா மலையும் பள்ளமுமாக வரைந்துகொண்டே போனது. எங்கள் பாஷையில் அது ஹன்டிங். நான் வால்வில் கோளாறு என்று வாதாடினேன். ஃபோர்மேன் வந்து, தானாக ஓடும் ஆட்டோவிலிருந்து கையால் ஓட்டும் மேனுவலுக்கு மாற்றினார். பத்து நிமிஷத்தில் கோடு நேரானது. “தம்பி, அதுவா ஆடல. நீதான் ஆட்டுற” என்றார். வேகமான துலங்கலும் தாமதமான செய்தியும் சேர்ந்தால் ஆட்டம்தான். சீக்லர், நிக்கல்ஸ் என்று இரண்டு பேர் 1942-இல் கொடுத்த வைத்தியம் இன்றும் ஓடுகிறது. லூப் நிற்காமல் சீராக ஆடும் வரை கெயினை வேண்டுமென்றே ஏற்று, அந்த எண்ணைக் குறித்துக்கொள், அதில் சுமார் பாதியில் வை.

அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையத்திலும் இந்தப் புத்தி இருக்கிறது. நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போட்டால் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து துளி இறங்கும். அதுதான் தூண்டல். டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி நீராவி வால்வைத் திறக்கும். ஆனால் முழுக்கச் சரிசெய்யும் அளவுக்குத் திறக்காது. வேண்டுமென்றே கொஞ்சம் குறையாக விடும். எல்லா நிலையமும் ‘நான்தான் 50-க்குக் கொண்டுவருவேன்’ என்று முழு மூச்சாக இறங்கினால் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டு மொத்தமும் ஆடும்.

விவசாயிக்கும் இதே ஆட்டம். இந்த வருஷம் வெங்காயம் விலை ஏறினால் எல்லோரும் வெங்காயம் போடுகிறார்கள். மாதங்கள் கழித்து அறுவடை மொத்தமாக வந்து விலை விழுகிறது, அடுத்த முறை யாரும் போடுவதில்லை. பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்திவலை என்று பெயர், கால்டோர் 1934-இல் வைத்தது. என் சார்ட் பேப்பரை அவரிடம் காட்டியிருந்தால் வெங்காய விலை என்றே நினைத்திருப்பார். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். ஆனால் அங்கே இப்படி ஆடாது. தடை எப்போது முடியும் என்று எல்லோருக்கும் தேதி தெரியும்.

பொருளாதாரத்தில் இன்னொரு வம்பு உண்டு, இங்கே தூண்டப்படுகிறவர் யோசிக்கிறார். 1902-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஹனோயில் எலி வாலைக் கொண்டுவந்தால் காசு என்று அறிவித்தார்கள். ஊரில் வாலில்லாத எலிகள் ஓட ஆரம்பித்தன. சிலர் எலி வளர்க்கவே தொடங்கினார்கள். காசு எலிக்கு என்று அதிகாரிகள் நினைத்தார்கள். மக்களுக்கு அது வாலுக்கு என்று தெளிவாகத் தெரிந்தது.

உடற்பயிற்சி, எலும்பு பற்றியெல்லாம் நீட்ட வேண்டாம். எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை, தூக்கிவிட்டு ஓய்வெடுக்கும்போது வளர்கிறது என்பதை ராயபுரத்து ஜிம் பையன்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

கடைசியாக உங்கள் தாள். பாவ்லவின் நோபல் (1904) செரிமான ஆராய்ச்சிக்கு, நாய்–மணி விஷயத்துக்கு இல்லை. பல பேர் தப்பாக எழுதுகிறார்கள். தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்தது வேறு வகை: அங்கே துலங்கல் முதலில், அதன் பலன் பின்னால். பலன் நன்றாக இருந்தால் அந்தத் துலங்கல் நிலைக்கிறது. ஸ்கின்னர் அதை நீட்டி, எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் விடாமல் செய்கிறார்கள் என்று காட்டினார். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடைசெய்யும் வரை எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் அதற்குச் சாட்சி. நான் நம்புவது அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டியூயியை. 1896-லேயே அவர், தூண்டல்–துலங்கலை ஒரு வில்லாக வரையாதீர்கள், அது வட்டம் என்று வாதாடினார். குழந்தை மெழுகுவர்த்தியைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சுடுகிறது. அடுத்த முறை அது பார்ப்பது பழைய மெழுகுவர்த்தியை அல்ல, சுடும் மெழுகுவர்த்தியை. துலங்கல் தூண்டலையே மாற்றிவிட்டது. உளவியலாளர்கள் இதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றும். எங்கள் ஃபோர்மேனுக்கு டியூயி யாரென்று தெரியாது, ஆனால் லூப் என்றால் வட்டம் என்று தெரியும்.

உங்கள் வகுப்பில் செய்ய ஒன்று சொல்கிறேன், செலவில்லை. 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று. ஒருவர் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். பிள்ளை சுழி எண்ணுக்கு நேராக விரலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விடுங்கள், பிடிக்கட்டும். 20 செ.மீ.யில் பிடித்தால் 0.2 விநாடி, 15-இல் பிடித்தால் சுமார் 0.175. பிறகு இரண்டு கைக்கும் இரண்டு ஸ்கேல் வைத்து, எதை விடுவீர்கள் என்று தெரியாமல் செய்யுங்கள். எந்தக் கை என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால் பிடிக்கும் இடத்தில் உள்ள எண் கூடும். தேர்வு சேர்ந்தால் நேரம் கூடும் என்று டோண்டர்ஸ் 1868-இல் அளந்தது இதுவே.

ஒரு எச்சரிக்கை. என்னிடம் டியூஷன் படித்த தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் தொடர்ந்து 5 செ.மீ.யிலேயே பிடித்தான். கணக்குப் போட்டால் 0.1 விநாடி. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு 0.1 விநாடிக்குள் கால் எடுத்தால் அது தப்பான தொடக்கம் என்பார்கள், மனுஷனால் அவ்வளவு சீக்கிரம் முடியாது என்பதால். நான் ஸ்கேலை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், அதே 5. கடைசியில் அவனே சொன்னான்: “நான் ஸ்கேல பாக்கல சார். விடுறதுக்கு முன்னாடி உங்க தோள் லேசா ஏறுது.” ஆகவே விடுகிறவர் ஒரு துணிக்குப் பின்னால் நின்றுகொள்ளட்டும், கை மட்டும் வெளியே.